மேலாண்மைக் கல்வி: வகுப்பறைக்கும் சந்தைக்கும் இடையே

ஹனஃபீ மத்ஹபின் பேராசான்களுள் ஒருவரான இமாம் முஹம்மது பின் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களைப் பற்றிப் பிற்கால ஃபிக்ஹு நூலாசிரியர்கள் எடுத்துரைக்கும் செய்தி ஒன்றுண்டு. அவர் சாயத் தொழிலாளர்களை நாடிச் செல்வார். அவர்களுடைய கொடுக்கல் வாங்கல்களையும் தமக்குள் அவர்கள் கைக்கொண்டிருந்த வழக்கங்களையும் கேட்டறிவார் என்பதே அச்செய்தி. ஹிஜ்ரி 189இல் (கி.பி. 805) மறைந்த அப்பெருந்தகை ரக்கா நகரில் காழியாகப் பணியாற்றியவர்; ஹனஃபீ சட்டத்தின் அடிப்படை நூல்களை யாத்தவர். அத்தகையவருக்குச் சாயப்பட்டறையில் என்ன வேலை என்று நமக்குத் தோன்றலாம். தம் காலத்து மக்களின் வழக்கம் அறியாதவர் அம்மக்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதியை முழுமையாகப் பெற்றவராகார் என்னும் கருத்தை விளக்கவே அந்நூலார் இச்செய்தியை முன்வைக்கின்றனர்.

இக்கருத்து வெறும் அறிவுரையாக நின்றுவிடவில்லை. கையில் இல்லாத பொருளை விற்றல் ஆகாது என்பது பொதுவிதி. ஆயினும், செருப்புத் தைப்பவரிடமும் பாத்திரம் வார்ப்பவரிடமும் அளவு சொல்லி, விலை பேசி, பின்னர் வந்து பெற்றுக்கொள்வது மக்களிடையே எங்கும் வழங்கிய முறை. கியாஸ் என்னும் ஒப்புநோக்கு ஒன்றையே பிடித்துக்கொண்டால் அம்முறை செல்லாது. ஹனஃபீ அறிஞர்கள் மக்கள் வழக்கைக் கருத்திற்கொண்டு அதற்கு இடமளித்தனர். 'இஸ்திஸ்னாஃ' என்னும் ஒப்பந்த வகை அவ்வாறு நிலைபெற்றது. இமாம் ஸுஃபர் (ரஹ்) இதற்கு உடன்படவில்லை. ஷாஃபிஈ மத்ஹபினரோ, விலை முழுவதையும் முன்னரே செலுத்திவிடும் 'ஸலம்' என்னும் வரம்புக்குள் வைத்தே இதனை நோக்குவர். நம் கடற்கரை ஊர்களில் அம்மத்ஹபைப் பின்பற்றுவோர் பலர் என்பதால் இவ்வேறுபாட்டையும் குறித்துவைக்கிறோம். இங்கே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கற்றவர் பட்டறைக்குச் சென்றபோது பட்டறை மட்டும் திருந்தவில்லை, கற்றவரின் கல்வியும் மாறிற்று என்பதேயாகும்.

இன்று வணிக மேலாண்மைப் பள்ளிகளின் முன் நிற்பதும் இதே வினாதான். நம் சமுதாயத்து இளைஞரும் இளம்பெண்களும் ஆண்டுதோறும் பெருந்தொகையினராக எம்.பி.ஏ. படிக்கச் செல்கின்றனர். நம்மவர் நடத்தும் கல்லூரிகளிலும் மேலாண்மைத் துறைகள் உள்ளன. பெற்றோர் கேட்பது வேலை கிடைக்குமா என்று. அது கேட்கத் தக்கதே. ஆனால், இப்பள்ளிகளில் நிகழும் ஆராய்ச்சியும் போதனையும் மக்கள் வாழ்வின் மெய்யான இடர் எதையேனும் தீர்க்கின்றனவா என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் விடை முழுவதும் ஆம் என்றோ முழுவதும் இல்லை என்றோ அமையாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1881இல் வார்ட்டன் பள்ளி நிறுவப்பட்டது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908இல் தொடங்கிற்று. 1919இல் ஹார்வர்டு பள்ளியின் தலைமையை ஏற்ற வாலஸ் டோனம் சட்டம் பயின்றவர். சட்டக் கல்லூரியில் மாணவர்கள் பழைய வழக்குகளைப் படித்து வாதிட்டுச் சட்டம் கற்பதுபோல, வணிக மாணவர்களும் மெய்யான நிறுவனங்களின் சிக்கல்களைப் படித்து வாதிட்டுக் கற்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 'கேஸ்' என்று அவர்கள் அழைக்கும் நிகழ்வாய்வு முறை அவ்வாறு வேரூன்றிற்று. ஆய்வாளர் ஒருவர் ஒரு நிறுவனத்துக்குச் சென்று பலருடன் உரையாடி, கணக்குகளைப் பார்வையிட்டு, சில பக்கங்களில் அதன் நிலைமையை எழுதுகிறார். முடிவெடுக்க வேண்டிய தறுவாயில் எழுத்து நின்றுவிடும். நீங்கள் அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதே வகுப்பின் வினா. ஆசிரியர் சொற்பொழிவாற்றுவதில்லை, கேள்வி கேட்கிறார், மாணவரை மாணவருடன் மோதவிடுகிறார். நம் மதரஸாக்களின் பழைய முனாளரா (தருக்க உரையாடல்) மரபை அறிந்தவர்க்கு இம்முறை அயலாகத் தோன்றாது.

இம்முறையின் நன்மை பெரிது. குறையும் ஒன்றுண்டு. மாணவரின் கைக்கு வரும்போதே சிக்கல் கழுவித் துடைத்து, பொதிந்து வருகிறது. எது சிக்கல் என்பதை முன்னரே வேறொருவர் தீர்மானித்துவிட்டார். மாணவர் தம்மைப் பொருத்திப் பார்க்கும் நாற்காலியும் பெரும்பாலும் தலைமை அதிகாரியின் நாற்காலியே. தறியில் அமர்ந்திருப்பவரின் இடத்தில் தம்மை வைத்து அவர் வாதிடுவது அரிது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வேறொரு திருப்பம் நேர்ந்தது. ஃபோர்டு அறக்கட்டளை, கார்னெகி நிறுவனம் ஆகிய இரண்டின் ஆதரவில் 1959இல் வெளிவந்த இரு அறிக்கைகள், வணிகப் பள்ளிகளின் கல்வித்தரம் தாழ்ந்திருப்பதாகக் கடிந்துரைத்தன. குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. அதன் விளைவாகப் பொருளியல், உளவியல், கணிதம் ஆகிய துறைகளின் அறிஞர்கள் இப்பள்ளிகளுக்குள் அழைத்துவரப்பட்டனர். ஆராய்ச்சி கூர்மை பெற்றது. கூடவே, பேராசிரியரின் பதவி உயர்வு அவர் எந்த ஆய்விதழில் எழுதுகிறார் என்பதைப் பொறுத்ததாயிற்று. அவ்விதழைப் படிப்பவர் மற்றொரு பேராசிரியர், சாயப்பட்டறைக்காரர் அல்லர். மருத்துவக் கல்லூரி ஆசிரியர் நோயாளியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டால் நாம் வியப்போம். மேலாண்மைப் பேராசிரியர் ஒரு நிறுவனத்தின் உள்ளே சென்று பல்லாண்டுகள் ஆகியிருந்தாலும் அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை.

இந்நிலையைக் கடுமையாகச் சாடியவர்களுள் நம் நாட்டவர் ஒருவர் முதன்மையானவர். கல்கத்தாவில் பிறந்த சுமந்திர கோஷல், இந்தியன் ஆயில் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டுப் பின்னர் ஆய்வுலகுக்கு வந்தவர். லண்டன் வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். 2004இல் அவர் மறைந்தார். மறைவுக்குப் பின் 2005இல் வெளிவந்த கட்டுரையில், தவறான மேலாண்மைக் கோட்பாடுகள் நல்ல நடைமுறையை அழிக்கின்றன என்று வாதிட்டிருந்தார். அவர் வாதம் எளியது, ஆனால் ஆழமானது. கோள்களின் இயக்கம் பற்றிய கோட்பாடு பிழையாக இருந்தால் கோள்கள் அதற்கேற்பத் தம் பாதையை மாற்றிக்கொள்வதில்லை. மனிதர் அவ்வாறல்லர். மனிதன் தன்னலம் ஒன்றையே நாடுபவன், கண்காணிப்பு இன்றேல் ஏமாற்றுவான் என்று இருபது வயது மாணவருக்கு ஈராண்டுகள் ஓதினால், அவர் மேலாளராகி அவ்வாறே பிறரை நடத்துவார். நடத்தப்பட்டவர்களும் காலப்போக்கில் அவ்வாறே ஆவர். கோட்பாடு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும். மனிதனை அமானிதம் சுமந்தவனாகக் காணும் சமயத்தைச் சேர்ந்த நாம் இவ்வாதத்தை இதுவரை உரிய முறையில் கையிலெடுக்கவில்லை என்பது எம் ஆதங்கம். 'இஸ்லாமிய நிதியியல்' என்று பெயரிட்டு ஒப்பந்தங்களின் வடிவத்தை மாற்றுவதில் காட்டும் கவனத்தில் ஒரு பங்கையேனும், மேலாண்மைப் பாடநூல்கள் மனிதனை எவ்வாறு காண்கின்றன என்னும் வினாவுக்குச் செலவிட்டிருக்கலாம்.

இனி, பள்ளியும் களமும் சந்தித்த இடங்களைக் காண்போம்.

தமிழ்நாட்டார்க்கு நன்கு தெரிந்தது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அரசு மருத்துவப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய கைகளுடன், 1976இல் 11 படுக்கைகள் கொண்டு அதனைத் தொடங்கினார். ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993இல் அதனைப் பற்றி நிகழ்வாய்வு எழுதினார். அன்றுமுதல் உலகெங்கும் மேலாண்மை மாணவர்கள் மதுரையைப் படித்துவருகின்றனர். அவர்கள் அங்கே காண்பது இது: கண்புரை அறுவையில் மிக அரிய வளம் அறுவை மருத்துவரின் நேரம். ஆகவே அந்நேரம் ஒரு நொடியும் வீணாகாதபடி மற்றவை யாவும் அடுக்கப்படுகின்றன. ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் ஆயத்தமாகக் கிடத்தப்பட்டிருப்பார். ஆயத்தப் பணிகளையெல்லாம் சிற்றூர்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள் செய்கின்றனர். பணம் செலுத்துவோரின் கட்டணத்தில் பணமற்றோரின் கண்களும் திறக்கின்றன. அயல்நாட்டிலிருந்து வந்த கண்ணுள் பொருத்தும் வில்லையின் விலை நூறு டாலரை எட்டியபோது, 1992இல் 'அரோலேப்' என்னும் தம் ஆலையைத் தொடங்கி, பத்து டாலர் அளவில் அதனைச் செய்து காட்டினர்.

இதில் வணிகப் பள்ளியின் பங்கு யாது? ஹார்வர்டு எழுதியதால் அரவிந்த் உருவாகவில்லை. உருவானதைத்தான் அது எழுதிற்று. ஆனால் கல்கத்தா இந்திய மேலாண்மை நிறுவனத்தில் பயின்ற துளசிராஜ், 1980களின் தொடக்கத்தில் அங்கே நிர்வாகப் பொறுப்பேற்றார். மருத்துவமனையின் பழக்கமே அளந்து பார்ப்பதும் வினவுவதும் ஆயிற்று. அறுவை இலவசம் என்று அறிவித்தும் பலர் வராதது ஏன் என்று ஆராய்ந்தனர். பேருந்துக் கட்டணம், உணவு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி ஆகியவற்றைச் சேர்த்தால் ஏழைக்கு அந்த இலவசம் இலவசமன்று என்பது புலனாயிற்று. நோயாளியின் போக்குவரத்தும் உணவும் மருத்துவமனையின் பொறுப்பாயின. பின்னர் 1999இல் வெளிவந்த ஆய்வொன்று இன்னும் கசப்பான உண்மையைச் சொன்னது: தென்னிந்தியச் சிற்றூர்களில் கண் குறையுள்ளோரில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே கண் முகாம்களுக்கு வந்திருந்தனர். முகாம்களின் புகழ் உலகெங்கும் பரவியிருந்த காலத்தில் இக்கணக்கை எடுத்ததும் அதனை மறைக்காது வெளியிட்டதும் பாராட்டத் தக்கன. 2004 முதல் சிற்றூர்களை ஒட்டி நிலையான கண் பார்வை மையங்கள் அமைக்கப்பட்டதும், அங்கிருந்தே மருத்துவமனையிலுள்ள மருத்துவருடன் நோயாளியை இணைக்கும் ஏற்பாடும் இவ்வறிவின் தொடர்ச்சியாகும். எத்துணை பேருக்கு அறுவை செய்தோம் என்பது ஹார்வர்டு மாணவரை வியக்கவைக்கும் கணக்கு. எத்துணை பேர் வரவில்லை என்பதோ பணியில் இருப்பவருக்கே தோன்றும் கணக்கு.

(இடையில் ஒரு குறிப்பு: ஸுல்தான் ஸலாஹுத்தீனின் காலத்தை ஒட்டி வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்காக எழுதிய கையேட்டில் ரொட்டி சுடுவோர், சாயக்காரர், செருப்புத் தைப்போர் வரிசையில் கண் மருத்துவரையும் சேர்த்துள்ளார். ஹுனைன் பின் இஸ்ஹாக்கின் கண் மருத்துவ நூலைக்கொண்டு அவர்களைச் சோதிக்க வேண்டும் என்பது அவர் நெறி. ஒவ்வொரு தொழிலிலும் எவ்வகை ஏமாற்று நிகழும் என்பதை இந்நூல் சொல்லும் நுட்பத்தைக் காணும்போது, அதுவும் சந்தையில் நின்று எழுதப்பட்டதே என்பது விளங்கும்.)

அரவிந்தைத் தம் நூலில் எடுத்துக்காட்டாகக் கொண்டவர்களுள் ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய சி.கே. பிரகலாத். உலகின் ஏழைகளைச் சந்தையாகக் கருதிப் பெருநிறுவனங்கள் அவர்களுக்கேற்ற பொருள்களைப் படைத்தால் வறுமையும் குறையும், ஆதாயமும் பெருகும் என்று 2004இல் அவர் எழுதினார். அந்நூல் பரவலாகக் கொண்டாடப்பட்டது. அதனை மறுத்தவர் அதே மிச்சிகன் வணிகப் பள்ளியின் அனில் கர்னானி. ஏழைகளை நுகர்வோராகக் காண்பதைவிட உற்பத்தியாளராகக் கண்டு, அவர்கள் விற்கும் பொருளுக்கும் உழைப்புக்கும் வருவாய் கூடும்படி செய்வதே வறுமையைக் குறைக்கும் என்றார் அவர். ஏழைப் பெண்களுக்குச் சிறு உறையில் விற்கப்பட்ட, தோலை வெளுக்கவைப்பதாகச் சொல்லும் களிம்பை எடுத்துக்கொண்டு, இதில் அவர்களுக்கு விளைந்த நன்மை என்ன என்று 2007இல் அவர் கேட்டது கூரிய கேள்வி. நாம் கர்னானியின் பக்கமே நிற்கிறோம். ஒரே கூரையின் கீழ் இவ்விருவரும் இவ்வாறு முரண்பட முடிந்தது அப்பள்ளிக்குப் பெருமை என்பதையும் சொல்லவேண்டும். நம் நிறுவனங்களில் மூத்தவர் நூலைத் துறைத் தோழர் வெளிப்படையாக மறுத்தெழுதக் கண்டிருக்கிறோமா?

ஏழையை உற்பத்தியாளராகக் காண்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு, இவ்விவாதத்துக்கு முப்பதாண்டுகள் முன்பே இந்திய மண்ணில் ஒரு முயற்சி நடந்தது. 1961இல் ஹார்வர்டின் துணையோடு அமைந்த அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய், 1972இல் தாமாகவே அப்பதவியைத் துறந்து சாதாரணப் பேராசிரியராக அதே நிறுவனத்தில் தொடர்ந்தார். தலைமைப் பதவி ஒருவருக்கே உரியதாக நிலைத்துவிடக் கூடாது என்பது அவர் கருத்து. ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பயன்படும் மேலாண்மை அறிவு நாட்டின் மிக வறியவர்க்கு எதையேனும் செய்ய வல்லதா என்னும் வினா அவரை 1975இல் இராஜஸ்தானில் அன்று அஜ்மீர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஜவாஜாவுக்கு இட்டுச்சென்றது. ஏறத்தாழ 200 சிற்றூர்கள், 80,000 மக்கள், அடிக்கடி பொய்க்கும் மழை. அஜ்மீர் என்றதும் நம் நெஞ்சில் எழும் நினைவு வேறு; அந்நகரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத இவ்வறண்ட வட்டாரத்தை நம்மில் எத்துணை பேர் அறிவோம்?

அங்கே நெசவாளரும் தோல் தொழிலாளரும் இருந்தனர். கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் நெய்ததை யாரிடம், எவ்விலைக்கு விற்பது என்பது இடைத்தரகர் கையில் இருந்தது. தோல் தொழிலாளர்க்குத் தீண்டாமைக் கொடுமை வேறு. மத்தாயும் அவர் தோழர்களும் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தாரைச் சேர்த்துக்கொண்டனர். நகரத்தார் விரும்பும் தரைவிரிப்புகளும் தோல் பைகளும் வடிவமைக்கப்பட்டன. இதுவரை எந்தக் கைத்தொழில் திட்டத்திலும் காணக்கூடியதே. வேறுபாடு இதற்குப் பின்னர்தான். கணக்கெழுதுதல், தரம் பார்த்தல், வங்கிக்குச் செல்லுதல், அதிகாரியிடம் பேசுதல், தொலைநகரத்து வணிகருடன் விலை பேசுதல் ஆகிய யாவற்றையும் அம்மக்களே கற்றுச் செய்யவேண்டும். பேராசிரியர்கள் தமக்கு அங்கே வேலை இல்லாதபடி ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று வகுத்தனர். சுவரற்ற இக்கல்விக்கு 'கிராமியப் பல்கலைக்கழகம்' என்னும் பொருள்படும் பெயரை மத்தாய் வழங்கினார். ஜவாஜாவின் கைவினைஞர்கள் தமக்கெனக் கூட்டமைப்பை உருவாக்கிக்கொண்டனர்.

இதனைப் பெருவெற்றியாகப் பாடுதல் பிழை. வேலை மிக மெதுவாக நகர்ந்தது. உதவ வந்தவரையே சார்ந்திருக்கும் பழக்கம் எளிதில் விட்டுவிலகவில்லை. ஒரு தரகர் போய் மற்றொருவர் வந்த கதையாகிவிடுமோ என்னும் அச்சம் பேராசிரியர்களை விடாது தொடர்ந்தது. 80,000 பேரில் நேரடிப் பயன் பெற்றவர் சிறுதொகையினரே. மத்தாய் 1984இல் மறைந்தார்; ஜவாஜாவைப் பற்றிய நூல் மறுஆண்டு வெளிவந்தது. ஆயினும் எம் மதிப்பீட்டில், ஒரு வணிகப் பள்ளி செய்யக்கூடியதன் எல்லை எதுவரை செல்லும் என்பதை ஹார்வர்டின் நிகழ்வாய்வுகளைவிட ஜவாஜாவே தெளிவாகக் காட்டுகிறது. அங்கே ஆய்வாளர் விடையைக் கொண்டு செல்லவில்லை. எது சிக்கல் என்று சொல்லும் உரிமையை அதனைச் சுமப்பவரிடமே விட்டார். விற்பனை பற்றிய பாடத்தை எழுத்தறியாதவருக்குச் சொல்லித்தரத் தொடங்கியபோது, தம் பாடத்தில் எது சாரம், எது சொல்லாடம்பரம் என்பதும் அவருக்கே விளங்கிற்று.

ஜவாஜாவின் தோல் தொழிலாளரைப் பற்றி எழுதும்போது நம் நினைவு பாலாற்றங்கரைக்குச் செல்வது இயல்பு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்களின் தோல் தொழிலில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. அத்தொழிலின் வருவாயில் எழுந்த பள்ளிகளும் கல்லூரிகளும் பல. அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்ததும் உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே அதன் விலையைக் கொடுக்கவேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிப்படுத்திற்று. அன்று தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் இயங்கிய தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட தோல் ஆலைகளை அது நேரடியாகத் தொட்டது. சிறு ஆலைகள் பல சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தும் ஏற்பாடு அதன்பின் வலுப்பெற்றது.

இதனைப் பொறியியல் சிக்கல் என்றே பலர் எண்ணுகின்றனர். சென்னையில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பொறியியல் விடைகள் பல அங்கே உண்டு. எஞ்சி நிற்பது மேலாண்மைச் சிக்கல். பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பிடப்படுகிறது. ஊறவைக்கும்போது அவ்வுப்பு நீரில் கரைகிறது. வழக்கமான சுத்திகரிப்பு கரைந்த உப்பை நீக்குவதில்லை. நீக்கும் முறைகளோ செலவு மிக்கவை. பொது நிலையத்தின் செலவை ஆலைகள் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது? நீரின் அளவுக்கேற்பக் கட்டணம் என்றால், நீரைக் குறைத்து உப்பைச் செறிவாக விடுபவர் குறைவாகச் செலுத்துவார். உப்பின் அளவுக்கேற்ப என்றால், ஒவ்வோர் ஆலையின் வாயிலிலும் யார் நின்று அளப்பது? ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பை எடுத்துவிடுவது எளிய வழி. அதற்கான கூலி ஒருவருடையது, பயனோ எல்லோருடையது. உறவினரும் ஒரே ஜமாஅத்தினருமாகிய ஆலை உரிமையாளர்கள் தமக்குள் ஒருவரையொருவர் கண்காணிப்பரா, கண்டும் காணாதிருப்பரா? ஷைஸரீயின் முஹ்தஸிபுக்கு இவ்வினா புதிதன்று. தீங்கைத் தடுத்தல் பற்றிய ஃபிக்ஹின் பொதுவிதிகளில் அண்டை வீட்டாரின் கிணறு அடிக்கடி வரும் எடுத்துக்காட்டுமாகும். கோஷல் சாடிய தன்னலக் கோட்பாடு மெய்யா பொய்யா என்று சோதிப்பதற்கும் இதனினும் பொருத்தமான களம் அமைவது கடினம்.

நம் கல்லூரிகளின் மேலாண்மைத் துறைகளில் ஈராண்டுப் படிப்பின் இறுதியில் மாணவர் திட்ட அறிக்கை எழுதுகின்றனர். அவற்றுள் பல, கடைக்கு வரும் வாடிக்கையாளரின் மனநிறைவைப் பற்றிய கேள்வித்தாள் ஒன்றை நூறு பேரிடம் கொடுத்து வாங்கி, அட்டவணையாக்கிக் கட்டமைத்து அலமாரியில் அடுக்கப்படுவன. அதே உழைப்பைப் பாலாற்றங்கரையில் செலவிடத் தடை ஏதுமில்லை. மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வருவோம் என்னும் உறுதி. ஒரு தொகுதி மாணவர் விட்ட இடத்தில் அடுத்த தொகுதியினர் தொடங்கும் ஒழுங்கு. ஆலை உரிமையாளரிடம் உருதுவிலும் தொழிலாளரிடமும் உழவரிடமும் தமிழிலும் பேச வல்ல ஆசிரியர் ஒருவர். கணக்கேட்டைத் திறந்துகாட்ட இசையும் ஐந்து ஆலைகள். கிணற்று நீரின் வரலாற்றைச் சொல்லக்கூடிய பத்து உழவர் குடும்பங்கள். தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.